முதல் எட்டு பிட் சிப்: கொழும்பில் எதை வாங்கித் தொடங்குவது?

கொழும்பில் எட்டு பிட் மைக்ரோகொன்ட்ரோலர் (நிரல் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிச் சிப்) பழகத் தொடங்குபவருக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும்: ஆர்டுயினோ ஊனோ பலகை மூலம் ஏவிஆர் சிப், மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக், பழைய 8051, விலை குறைந்த எஸ்டிஎம்8 பலகை. நான்கிலும் எல்ஈடியை மினுக்கலாம், நான்கிலும் சி மொழியில் எழுதலாம், நான்குக்கும் இலவச கொம்பைலர் (நிரலைச் சிப்புக்குப் புரியும்படி தொகுக்கும் மென்பொருள்) உண்டு. வித்தியாசம் தெரியவருவது எல்ஈடி மினுங்காத நாளில். பிழை வயரிலா, கேபிளிலா, நிரல் ஏற்றும் கருவியான புரோகிராமரிலா, சிப்பின் உள் அமைப்பிலா, நாம் எழுதிய நிரலிலா? சந்தேகப் பட்டியல் எவ்வளவு குறுகலோ, அந்த வழி தொடங்குபவருக்கு அவ்வளவு நல்லது. மெகாஹேர்ட்ஸ் எத்தனை, கிலோபைட் எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்கள், சொக்கெட்டில் கழற்றிப் போடக்கூடிய 28 கால் அட்மெகா328பி என்ற ஏவிஆர் சிப் உள்ள ஊனோ குளோனை (வேறு நிறுவனங்கள் செய்யும் நகல் பலகையை) வாங்குங்கள். பாடத்திட்டம் கட்டாயப்படுத்தினால் 8051 அல்லது பிக். எஸ்டிஎம்8 இரண்டாவது சிப்பாக நல்லது, முதலாவதாக வேண்டாம்.

"இந்தக் காலத்தில் ஈஎஸ்பி32 இருக்கும்போது எட்டு பிட் எதற்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வைஃபை வேண்டுமென்றால் அதையே வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது 32 பிட். அடியில் ஒரு இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்; ஒரு காலை ஏற்றி இறக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பல அடுக்குகளுக்குக் கீழே ஒளிந்துவிடும். அட்மெகா328பியில் எட்டு கால்களுக்கு ஒரு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் எட்டு பிட் நினைவிடம்), ஒவ்வொரு காலுக்கும் ஒரு பிட். தாளில் எழுதிப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இங்கே இன்னொரு கவனமும் தேவை: 2023இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில் இருப்பதும் 32 பிட் சிப்தான். எட்டு பிட் பழக ஆர்3 வகையையே கேளுங்கள்.

ஊனோ: எந்த ஊனோ?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் கேட்டாலும், இணையத்தில் ஓடர் செய்தாலும், ஊனோ என்ற பெயரில் இரண்டு உருவங்கள் வரும். ஒன்றில் நீளமான கறுப்புச் சிப் சொக்கெட்டில் செருகியிருக்கும். மற்றதில் சின்னச் சதுரச் சிப் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாவது கொஞ்சம் மலிவு. ஆனாலும் கடையில், "சொக்கெட்டில இருக்கிற நீளச் சிப் போட்ட ஊனோ காட்டுங்கோ" என்றே கேளுங்கள். தொடங்குபவர் என்றைக்காவது ஒரு காலை எரிக்கத்தான் போகிறார். நீளச் சிப் என்றால் அதைக் கழற்றி, பூட்லோடர் (யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்ற உதவும் சின்ன நிரல்) ஏற்றிய இன்னொரு சிப்பைப் போட்டால் முடிந்தது. ஒட்டிய சிப் என்றால் பலகையே போய்விட்டது. அதைவிட முக்கியமான காரணம், பிறகு அதே சிப்பைக் கழற்றி, பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டில் தனியாக இயக்கிப் பார்க்கலாம். படிப்பின் பாதி அங்கேதான் இருக்கிறது.

குளோன் பலகைகளில் யூஎஸ்பி பக்கம் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். விண்டோஸ் அதைத் தானாக அடையாளம் காணாவிட்டால் டிரைவர் போட வேண்டும். டிரைவர் போட்டும் கணினியில் பலகைக்கான கொம் போர்ட் (தொடர்பு வாசல்) தெரியவில்லையா? பலகையைக் குறை சொல்ல முன்னர் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிள்களில் தரவு வயர்களே இருக்காது. பலகையின் விளக்கு எரியும், ஆனால் கணினி எதையும் பார்க்காது. ஊனோவின் சின்ன வடிவமான நானோவின் குளோன் வாங்கியவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: நிரலை ஏற்றும்போது "ஒத்திசைவு இல்லை" என்ற கருத்தில் பிழைச்செய்தி வந்தபடியே இருக்கும். ஆர்டுயினோ மென்பொருளில் புரொசெசர் என்ற இடத்தில் பழைய பூட்லோடரைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200இல் பேசும். அவ்வளவுதான் சங்கதி.

அட்மெகா328பியில் நிரலுக்கு 32 கிலோபைட், தற்காலிக நினைவுக்கு 2 கிலோபைட், மின் போனாலும் அழியாத தரவுக்கு 1 கிலோபைட் இருக்கிறது. இதில் இடிப்பது நடுவிலுள்ள 2 கிலோபைட். சீரியல் திரைக்கு அனுப்ப நீளமான வாக்கியங்களை நிரலுக்குள் எழுதிக்கொண்டே போனால், அவை எல்லாம் இந்த 2 கிலோபைட்டுக்குள்ளும் வந்து உட்காரும். தொகுக்கும்போது நினைவு குறைவு என்ற எச்சரிக்கை வரலாம்; ஆனால் ஓடும்போது நிரம்பினால் பிழைச்செய்தி எதுவும் வராது. பலகை திடீரென்று மறுபடி தொடங்கும், அல்லது குப்பை எழுத்துகளைக் கக்கும். பலர் இதை மின்சாரக் கோளாறு என்று நினைத்துப் பற்றரியை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆர்டுயினோவை விட்டு இறங்கும் இடம்

ஆர்டுயினோ மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு, அது எல்லாவற்றையும் மறைக்கிறது என்பது. உண்மைதான். ஆனால் திரையை விலக்கிப் பார்க்க வேறு பலகையோ வேறு மென்பொருளோ வாங்க வேண்டியதில்லை. அதே ஊனோவில், அதே மென்பொருளில், நூலகக் கட்டளையை விட்டுவிட்டு ரெஜிஸ்டரை நேரே எழுதலாம். ஊனோவின் 13ஆம் இலக்கக் கால் என்பது சிப்பில் போர்ட் பி, 5ஆம் பிட். திசை ரெஜிஸ்டரில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் கால் வெளியீடாகும். போர்ட் ரெஜிஸ்டரில் அதே பிட்டை 1 ஆக்கினால் எல்ஈடி எரியும், 0 ஆக்கினால் அணையும்.

வித்தியாசத்தை அளந்தும் பார்க்கலாம். ஆர்டுயினோவின் வழக்கமான மினுக்கும் நிரல் ஏறத்தாழ 900 பைட் வரும். ரெஜிஸ்டரில் எழுதி ஏவிஆர் ஜிசிசி என்ற கொம்பைலரில் தனியாகத் தொகுத்தால் 200 பைட்டைத் தாண்டாது. நூலகக் கட்டளையால் ஒரு காலை மாற்ற 3, 4 மைக்ரோ செக்கன் பிடிக்கும். நேரே ரெஜிஸ்டரில் எழுதினால் இரண்டு கடிகாரத் துடிப்பு, அதாவது 16 மெகாஹேர்ட்ஸில் 125 நானோ செக்கன். எல்ஈடிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாலைந்து நாள் இப்படி எழுதிப் பழகியவர் பிக்கிற்கோ எஸ்டிஎம்8க்கோ மாறினால், பெயர்கள்தான் புதியவை என்பதைக் கண்டுகொள்வார்.

அடுத்த படி, வெறும் சிப். ஒரு பிரெட்போர்ட், அட்மெகா328பி ஒன்று, கடிகாரத் துடிப்புத் தரும் 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று, 22 பைக்கோஃபரட் கொள்ளளவி இரண்டு, 100 நானோஃபரட் இரண்டு, 10 மைக்ரோஃபரட் ஒன்று, 10 கிலோ ஓம் தடை ஒன்று, 330 ஓம் ஒன்று, எல்ஈடி ஒன்று, ஜம்பர் வயர்கள். 7ஆம், 20ஆம் கால்களுக்கு 5 வோல்ட். 8ஆம், 22ஆம் கால்கள் கிரவுண்ட். 7க்கும் 8க்கும் இடையில் ஒரு 100 நானோஃபரட், 20க்கும் 22க்கும் இடையில் மற்றொன்று. இரண்டும் சிப்பை ஒட்டியே இருக்க வேண்டும். 1ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. கிறிஸ்டல் 9க்கும் 10க்கும் குறுக்கே, ஒவ்வொரு பக்கமும் 22 பைக்கோஃபரட் கிரவுண்டுக்கு. எல்ஈடி 19ஆம் காலில், 330 ஓம் வழியாக. பலர் 20ஆம் காலை விட்டுவிடுவார்கள், "அது அனலொக்குக்குத்தானே" என்று. அனலொக்கைத் தொடாவிட்டாலும் அதற்கு மின் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிப் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. அந்த "சில சமயம்" ஒரு முழு இரவைத் தின்றுவிடும்.

நிரல் ஏற்றத் தனிப் புரோகிராமர் வாங்கத் தேவையில்லை, ஊனோவே போதும். மென்பொருளின் உதாரணங்களில் இருக்கும் ஆர்டுயினோ ஐஎஸ்பி நிரலை ஊனோவில் ஏற்றுங்கள். பிறகு அதன் 10, 11, 12, 13 இலக்கக் கால்களை வெறும் சிப்பின் 1, 17, 18, 19 கால்களுக்கு அதே வரிசையில் இணையுங்கள். ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அந்த 10 மைக்ரோஃபரட்டை, எதிர் முனை கிரவுண்ட் பக்கம் இருக்கும்படி, செருகுங்கள். இதை ஐஎஸ்பி நிரலை ஏற்றிய பின்னர்தான் செருக வேண்டும். முதலே செருகினால் அந்த நிரலே ஏறாது. செருகாமலே விட்டால் கணினி பேச முயலும் ஒவ்வொரு தடவையும் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்.

புதுச் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் கடிகாரத்தில் 1 மெகாஹேர்ட்ஸில்தான் ஓடும். நீங்கள் கிறிஸ்டல் பூட்டியிருப்பது அதற்குத் தெரியாது. 16 மெகாஹேர்ட்ஸுக்கென்று தொகுத்த நிரலில் 1 செக்கன் என்று எழுதியது 16 செக்கனாக இழுபடும். எல்ஈடி எரியவே இல்லை என்று வயரைப் பிடுங்குவதற்கு முன்னர் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். சரிசெய்ய, பூட்லோடர் எரிக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சேமிக்கும் பிட்கள்) வெளிக் கிறிஸ்டலுக்கு மாறிவிடும். கிறிஸ்டல் பூட்டாமல் அந்தக் கட்டளையைக் கொடுத்தவர்களின் சிப் அதன் பிறகு யாரோடும் பேசாது. செத்துவிட்டது என்று வீசிவிடாதீர்கள். இன்னொரு ஊனோவிலிருந்து ஒரு சதுர அலையை 9ஆம் காலுக்குக் கொடுத்தபடி ஃபியூஸைத் திரும்ப எழுதினால் எழுந்துவிடும். ரீசெட் காலை முடக்கும் ஃபியூஸை மட்டும் தொடவே வேண்டாம். அதை மீட்க 12 வோல்ட் கொடுக்கும் தனிக் கருவி வேண்டும். ஃபியூஸில் 0 என்றால் இயங்கும், 1 என்றால் இயங்காது என்பதையும் மனதில் வையுங்கள். விபத்துகளில் பாதி இந்தத் தலைகீழ்க் கணக்கால் நடப்பவை.

யூஎஸ்பிஏஎஸ்பி என்ற சின்னப் புரோகிராமர் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் வழக்கமான வேகம் 375 கிலோஹேர்ட்ஸ். சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது ஏவிஆரின் விதி, ஆகவே 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும் புதுச் சிப் பதில் சொல்லாது. பலகையில் வேகம் குறைக்கும் ஜம்பர் இருந்தால் அதைப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் மென்பொருளில் வேகத்தைக் குறையுங்கள். "அடையாள எண் பொருந்தவில்லை" என்று வந்தால் சிப்பின் முதுகைப் பாருங்கள்: 328, 328பி, 328பிபி மூன்றும் வெவ்வேறு அடையாள எண் கொண்டவை.

பிக்: ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்

பிக்16எஃப்877ஏ என்ற 40 கால் சிப்பைச் சுற்றி பழைய செயற்திட்டங்கள் ஏராளம். அண்ணன்மார் விட்டுப்போன குறிப்புக் கொப்பிகளில் அதுதான் இருக்கும். கற்றுத்தர ஒருவர் இருந்தால் நல்ல சிப். தனியாகப் பழகுபவரை அது நான்கு இடத்தில் தடுக்கும்.

அதற்குள் கடிகாரம் இல்லை. வெளியே கிறிஸ்டல் போன்ற ஒன்றைப் பூட்டியே ஆக வேண்டும். அந்தக் கிறிஸ்டல் எந்த வகை என்பதை நிரலின் தலையில் கொன்ஃபிக் வரிகளில் சொல்ல வேண்டும். 4 மெகாஹேர்ட்ஸ் வரை எக்ஸ்டி, அதற்கு மேல் எச்எஸ். வொட்ச்டொக் என்ற காவல் நேரங்காட்டியை நிறுத்தாவிட்டால் சில செக்கனுக்கு ஒருமுறை சிப் தானாக ரீசெட் ஆகும். குறைந்த வோல்ட் புரோகிராமிங்கை நிறுத்தாவிட்டால் போர்ட் பியின் 3ஆம் கால் அந்தரத்தில் தொங்கி, கையைக் கிட்டக் கொண்டுபோனாலே நிரல் நின்றுவிடும். இத்தனையும் சரியென்றாலும் போர்ட் ஏ வேலை செய்யாது, ஏனென்றால் மின் வந்ததும் அதன் கால்கள் அனலொக் நிலையில் எழும். ஏடிகொன்1 ரெஜிஸ்டரில் 6 எழுதினால்தான் டிஜிட்டலாகும். அப்போதும் போர்ட் ஏயின் 4ஆம் கால் தானாக உயராது, வெளியே மேலிழுக்கும் தடை கேட்கும். முதல் எல்ஈடியை அந்தக் காலில் பூட்டியவரின் பாடு பாவம்.

நிரல் ஏற்ற பிக்கிட் வகைப் புரோகிராமர் வேண்டும். இங்கே கிடைப்பவற்றில் பல பிக்கிட் 3 குளோன்கள். மைக்ரோசிப்பின் மென்பொருளான எம்பிலாப் எக்ஸின் புதிய பதிப்புகள் பழைய பிக்கிட்டுகளைக் கைவிட்டுவருவதால், வாங்க முன்னர் எந்தப் பதிப்போடு அது ஓடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிப்பும் புரோகிராமரும் சேர்ந்தால் ஊனோ குளோனைவிடச் செலவு கூடும். பழைய பிக்குகள் புதியவற்றைவிட விலை அதிகம் என்பது ஒரு வேடிக்கை. மைக்ரோசிப்பே புதிய வகைகளைத்தான் மலிவாக விற்கிறது. ஆனால் குறிப்புக் கொப்பிகள் பழைய சிப்புக்கே இருப்பதால் ஆட்கள் அதையே தேடுகிறார்கள். ஏவிஆரைச் செய்த அட்மெல் நிறுவனத்தையும் 2016இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டதால், ஏவிஆரா பிக்கா என்ற பழைய சண்டை இன்று ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

பிக்கின் பலம், சிப்பின் சொந்தக் கட்டளைகளிலேயே எழுதும் அசெம்பிளி மொழியில் தெரியும். மொத்தம் 35 கட்டளைகள்தான். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். அசெம்பிளி பழகுவதே நோக்கம் என்றால் மேலே சொன்ன தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

8051: பரீட்சைக்கு

இன்டெல் 1980இல் வெளியிட்ட வடிவமைப்பு, பல பாடத்திட்டங்களில் இன்னும் குடியிருக்கிறது. கட்டமைப்பைப் பாடமாகப் படிக்க அருமையானது. கையில் எடுத்து ஏதாவது செய்ய விரும்புபவருக்கு ஏமாற்றம் அதிகம்: வழக்கமாகக் கிடைக்கும் 8051 வகைச் சிப்பான ஏடி89எஸ்52இல் அனலொக் உள்ளீடு கிடையாது, ஒரு வெப்பநிலை உணரியின் வோல்ட்டை வாசிக்கக்கூட இன்னொரு சிப் தேவை.

வாங்கும்போது எழுத்தைப் பாருங்கள். 89எஸ்52 என்றால் நான்கைந்து வயர்களில் நிரல் ஏற்றலாம். பொருத்தமான மென்பொருளோடு யூஎஸ்பிஏஎஸ்பியே உதவும். 89சி52 என்றால் பெரிய இணைப் புரோகிராமர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்டிசி89சி52 என்பது மூன்றாவது வகை: யூஎஸ்பி சீரியல் மாற்றி போதும், ஆனால் மென்பொருளில் ஏற்று என்று அழுத்திய பின்னர் சிப்பின் மின்சாரத்தை நிறுத்திப் போட வேண்டும். இந்த ஒரு செயலைச் செய்யாமல் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

எல்ஈடியைக் காலிலிருந்து கிரவுண்டுக்குப் பூட்டினால் மிக மங்கலாகவே எரியும், அல்லது எரிவதே தெரியாது. அந்தக் கால்களால் மின்னை மிகச் சிறிதளவே வெளியே தள்ள முடியும், உள்ளே இழுப்பதுதான் நன்றாக முடியும். 5 வோல்ட்டிலிருந்து தடை, எல்ஈடி, பிறகு கால் என்று பூட்டி 0 எழுதினால் எரியும். போர்ட் 0க்கு 10 கிலோ ஓம் மேலிழுப்புத் தடைகள் வேண்டும். 31ஆம் கால் 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். ரீசெட் ஏவிஆருக்கு நேர்மாறு, உயரும்போதுதான் ரீசெட் ஆகும். கிறிஸ்டல் 11.0592 மெகாஹேர்ட்ஸ் வாங்குங்கள். 12 போட்டால் நிரல் ஓடும், ஆனால் 9600 வேகச் சீரியலில் ஏறக்குறைய 8.5 வீதப் பிழை வந்து திரையில் குப்பைதான் விழும்.

எஸ்டிஎம்8: விலையைப் பார்த்து மயங்காதீர்கள்

எஸ்டிஎம்8எஸ்103 பலகை விரல் அளவு, விலையும் நால்வரில் குறைவு. 8 கிலோபைட் நிரல், 1 கிலோபைட் நினைவு, 16 மெகாஹேர்ட்ஸ். கூடவே எஸ்டி லிங்க் என்ற புரோகிராமரின் குளோன் ஒன்றும் வேண்டும். பலகை பல வேளைகளில் வாசிப்புப் பூட்டோடு வரும், முதலில் திறக்காவிட்டால் நிரல் ஏறாது. பலகையிலுள்ள எல்ஈடி 0 எழுதினால்தான் எரியும். நல்ல சிப்தான், ஆனால் மாட்டிக்கொண்டால் இங்கே பக்கத்தில் கேட்க ஆள் கிடைப்பது அரிது.

வாங்க முன்னர் ஒரு வாரம்

பணம் செலவழிக்க முன்னர் வொக்வி, டிங்கர்காட் என்ற இணையச் சிமுலேட்டர்களில் ஊனோவை ஓட்டிப் பாருங்கள். பிக்கும் 8051உம் பார்க்க சிமுல்ஐடிஈ என்ற இலவச மென்பொருள் உண்டு. நிரலின் தர்க்கத்தை அவை நன்றாகக் காட்டும். தளர்ந்த வயரையும் விட்டுப்போன 100 நானோஃபரட்டையும் காட்டாது.

ஊனோவோடு சேர்த்து ஒரு சின்ன மல்டிமீற்றர் வாங்குங்கள், அது இல்லாமல் இந்த வேலை குருட்டு வேலை. 330 ஓம், 10 கிலோ ஓம் தடைகள் ஒவ்வொன்றிலும் 20. எல்ஈடி 10, அழுத்தும் பொத்தான் 5, பிரெட்போர்ட் ஒன்று, இரண்டு வகை ஜம்பர் வயர். நாற்பது உணரிகள் அடங்கிய பெரிய பெட்டியை வாங்க வேண்டாம். அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பிரெட்போர்டை மூடிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். உப்புக் காற்றில் அதன் உள் பிடிகள் கறுத்து, தொட்டால் ஓடும் தொடாவிட்டால் நிற்கும் என்ற நிலை வரும்.

9 வோல்ட் சதுரப் பற்றரியில் ஊனோவை ஓட்ட வேண்டாம். மோட்டரோ ரிலேயோ சேர்ந்தவுடன் அது சோர்ந்து, பலகை ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் அடப்டரும் உதவாது: 200 மில்லியம்பியர் இழுத்தால் 1.4 வாட்டுக்குக் கிட்ட வெப்பமாகி ரெகுலேற்றர் விரலைச் சுடும். யூஎஸ்பி, அல்லது தரமான 5 வோல்ட் ஃபோன் சார்ஜர் போதும். ஒரு காலிலிருந்து 20 மில்லியம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள். 5 வோல்ட் ரிலேச் சுருள் ஏறத்தாழ 70 இழுக்கும். 2என்2222 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் தடை, சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோட் வேண்டும். அந்த ரிலேயின் மறுபக்கத்தில் 230 வோல்ட்டை இப்போதைக்கு இணைக்காதீர்கள், 12 வோல்ட் விளக்கு ஒன்றைப் பூட்டிப் பழகுங்கள்.

பல்கலைக்கழகத்திலோ தொழினுட்பக் கல்லூரியிலோ 8051தான் பாடம் என்றால் ஏடி89எஸ்52உம் யூஎஸ்பிஏஎஸ்பியும் வாங்குங்கள். அதே புரோகிராமர் பிறகு ஏவிஆருக்கும் உதவும். பிக் தெரிந்த அண்ணனோ ஆசிரியரோ கிட்ட இருந்து, அவரிடம் பிக்கிட்டும் இருந்தால், 877ஏ ஒன்றை மட்டும் வாங்கி அவரோடு உட்காருங்கள். இந்த இரண்டும் இல்லாதவர்கள் ஊனோவோடு கூட ஒரு தனி அட்மெகா328பியும், பூட்லோடர் ஏற்றியதா என்று கேட்டு, அதே கடையில் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் செருகியிருக்கும் சிப்பை எரித்த அன்றைக்குக் கடை பூட்டியிருக்கலாம்.